தொலைக்காட்சிச் செய்தியாளரின் முதல் ஆண்டு: வேலையை எந்த வரிசையில் கற்றுக்கொள்வது

செய்தித் தொலைக்காட்சிக்கு வரும் புதியவர்களில் பெரும்பாலோர் மைக்கிலிருந்து தொடங்க நினைக்கிறார்கள். தோற்றம், குரல், கேமராவைப் பார்த்துத் தயங்காமல் பேசுவது என்று முதல் சில மாதங்களைச் செலவிடுகிறார்கள். திரையில் முகம் தெரிவது இந்த வேலையின் கடைசிப் படி. அதற்கு முந்தைய படிகளைத் தவிர்த்துவிட்டு வந்தவர்கள் நேரலையில் இரண்டாவது கேள்விக்கே திணறுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

தமிழ்நாட்டில் ஒரு செய்தி அலைவரிசையில் சேரப்போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து உபரி நீர் திறக்கப்படும் செய்தியைப் பல படிகளுக்கு உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன். சென்னையில் வேலைக்குச் சேரும் செய்தியாளர் முதல் நவம்பரிலேயே இதைச் சந்திக்கக்கூடும். தவறாகச் சொன்னால் மக்கள் வீட்டைப் பூட்டிக்கொண்டு ஓடுவார்கள், அல்லது போக வேண்டிய நேரத்தில் போகாமல் இருந்துவிடுவார்கள்.

1. சேரும் முன் கையில் இருக்க வேண்டியவை

இதழியலோ காட்சித் தொடர்பியலோ படித்திருந்தால் நேர்காணலுக்கான அழைப்பு எளிதில் வரும். சென்னைப் பல்கலைக்கழகத்தின் இதழியல் துறை, ஆசிய இதழியல் கல்லூரி போன்ற இடங்களிலிருந்து ஆட்கள் வருகிறார்கள். வரலாறோ சட்டமோ வேளாண்மையோ படித்துவிட்டு வந்து நன்றாக வேலை செய்கிறவர்களும் இருக்கிறார்கள். பட்டத்தைப் பற்றி இதற்கு மேல் கவலைப்பட வேண்டாம்.

ஆனால் தமிழ்த் தட்டச்சு வேண்டும், அதுவும் வேகமாக. தமிழ் 99 விசைப்பலகையானாலும் ஒலிபெயர்ப்பு முறையானாலும் சரி, ஒருங்குறியில் (யூனிகோட்) தடுமாறாமல் அடிக்கப் பழகுங்கள். செய்தி நான்கு மணிக்குக் கிடைத்து, ஐந்து மணிச் செய்தியில் போக வேண்டும் என்றால், தட்டச்சு தெரியாதவர் எவ்வளவு அறிவாளியாக இருந்தாலும் பயனில்லை.

அடுத்தது ஆங்கிலம். பேசத் தெரியாவிட்டாலும் படித்துப் புரிந்துகொள்ளத் தெரிய வேண்டும். அரசாணைகள் சில, நீதிமன்றத் தீர்ப்புகள் பல, வானிலை அறிக்கைகள் எல்லாம் முதலில் ஆங்கிலத்தில்தான் கைக்கு வரும். இரு சக்கர வாகன ஓட்டுநர் உரிமமும் எடுத்துவிடுங்கள்; மாவட்டப் பணிக்கு அது தவிர்க்க முடியாதது.

2. களத்துக்கு முன் டெஸ்க்

நேரடியாகக் களத்துக்கு அனுப்புகிறோம் என்று சொன்னாலும், முதல் சில வாரங்கள் டெஸ்கில், அதாவது அலுவலகத்தில் செய்திகளை ஒளிபரப்புக்குத் தயார் செய்யும் பிரிவில், உட்கார அனுமதி கேளுங்கள். களத்திலிருந்து வரும் காட்சிகளில் எது ஒளிபரப்பாகிறது, எது தூக்கி எறியப்படுகிறது என்பதை அங்கேதான் பார்க்க முடியும்.

மூன்று இடங்களில் நின்று கவனியுங்கள். அசைன்மென்ட் மேசையில், யாரை எங்கே அனுப்புவது என்று முடிவெடுக்கும் விதம் தெரியும். படத்தொகுப்பாளரின் பக்கத்தில், நான்கு நொடி மட்டுமே ஓடும் ஆட்டம் கண்ட காட்சியை வைத்துக்கொண்டு அவர் படும் பாடு தெரியும். பிசிஆர் எனப்படும் கட்டுப்பாட்டு அறையில், ரன்டவுன் எனும் செய்தி வரிசைப் பட்டியல் நிமிடத்துக்கு நிமிடம் மாறுவதும், களத்தில் இருப்பவர் நேரலையில் பத்து நொடி அதிகம் பேசினால் அடுத்த செய்தி எப்படி வெட்டுப்படுகிறது என்பதும் தெரியும்.

டெஸ்கைப் பார்க்காமல் களத்துக்குப் போகிறவர்கள், மேசையிலிருந்து வரும் தொலைபேசி அழைப்புகளைத் தொல்லையாக நினைக்கிறார்கள். அந்தப் பக்கம் உட்கார்ந்து பார்த்தவர், கேட்கும் முன்பே தலைப்பு, இடம், நேரம், பேசுபவரின் பெயர், பதவி எல்லாவற்றையும் எழுத்துப் பிழையில்லாமல் அனுப்பிவிடுவார். அடுத்த நல்ல செய்தி அவரைத் தேடி வருவது இதனால்தான்.

3. தொடர்புப் பட்டியல்

உயர் அதிகாரிகளின் எண்களை மட்டும் சேர்த்து வைப்பது புதியவர்களின் வழக்கம். ஆட்சியர், காவல் கண்காணிப்பாளர், அமைச்சரின் உதவியாளர் ஆகியோரின் எண்கள் எல்லோரிடமும் இருக்கும். நெருக்கடி நேரத்தில் அவர்கள் யாருக்கும் எடுக்கவும் மாட்டார்கள்.

நம் உதாரணத்துக்குத் தேவைப்படுகிறவர்கள் வேறு. ஏரியைப் பார்த்துக்கொள்ளும் நீர்வளத் துறையின் உதவிப் பொறியாளர், மதகை இயக்கும் பணியாளர், குன்றத்தூர் வட்டாட்சியர் அலுவலகம், கரையோர ஊராட்சிகளின் தலைவர்கள், அனகாபுத்தூரில் ஆற்றை ஒட்டிக் கடை வைத்திருப்பவர். தண்ணீர் எங்கே ஏறியிருக்கிறது என்பதைக் கடைக்காரர் அதிகாரிக்கு முன்பே சொல்வார்.

மழை தொடங்கும் முன், செப்டம்பரிலேயே இவர்களை நேரில் பாருங்கள். செய்தி எதுவும் கேட்காமல் போய் அறிமுகம் செய்துகொள்ளுங்கள். வெள்ளத்தின்போது முதன்முறையாக அழைக்கும் அந்நியருக்கு யாரும் பதில் சொல்ல மாட்டார்கள். மாவட்டச் செய்தி மக்கள் தொடர்பு அலுவலரையும் அப்போதே பார்த்துவிடுங்கள். ஆட்சியரின் அறிவிப்புகள் அவர் வழியாகத்தான் வரும்.

4. புறப்படும் முன்

ஒளிப்பதிவாளரோடு சேர்ந்து பொருள்களைப் பாருங்கள். கேமரா அவருடைய பொறுப்பு என்று ஒதுங்கினால், மைக் பேட்டரி இல்லாமல் திரும்பி வரும்போது இருவருக்கும்தான் செய்தி கைவிட்டுப் போகும். நினைவக அட்டை காலியாக இருக்கிறதா, பழைய காட்சிகள் இறக்கப்பட்டனவா, கேமராவுக்கு மழை உறை இருக்கிறதா, காதில் மாட்டும் இயர்பீஸ் உங்களுடையதா என்று பாருங்கள். நேரலைப் பையில் வெவ்வேறு நிறுவனங்களின் சிம் அட்டைகள் வேலை செய்கின்றனவா என்பதையும் அலுவலகத்திலேயே சோதியுங்கள். அந்தப் பை பல கைப்பேசி இணைப்புகளைச் சேர்த்துத்தான் படத்தை அனுப்புகிறது. ஓர் இணைப்பு மட்டும் உயிரோடு இருந்தால் படம் உறைந்து நிற்கும்.

அடிப்படைத் தகவல்களையும் எடுத்துக்கொண்டு போங்கள். செம்பரம்பாக்கத்தின் முழு உயரம் 24 அடி. முழுக் கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி. உபரி நீர் அடையாற்றில் கலக்கும். தண்ணீர் திறக்கும் இடங்கள் இரண்டு: ஐந்து கண் மதகு, 19 கண் மதகு. தண்ணீர் போகும் வழியில் காவனூர், குன்றத்தூர், திருமுடிவாக்கம், திருநீர்மலை, பிறகு நகருக்குள் நந்தம்பாக்கம், சைதாப்பேட்டை, கோட்டூர்புரம். இவற்றைக் குறிப்பேட்டில் கையால் எழுதிக்கொள்ளுங்கள். ஏரிக்கரையில் கைப்பேசி இணைப்பு போய்விடும், மழையில் திரையைத் தொட்டால் வேலை செய்யாது.

5. களத்தில் முதல் அரை மணி நேரம்

வண்டியிலிருந்து இறங்கியதும் மைக்கை எடுக்காதீர்கள். ஐந்து நிமிடம் சுற்றிப் பாருங்கள். எத்தனை ஷட்டர்கள் உயர்ந்திருக்கின்றன, தண்ணீர் எந்த வேகத்தில் போகிறது, கரையில் யார் நிற்கிறார்கள் என்பதைக் கண்ணால் பார்த்தவருக்குத்தான் அதிகாரியிடம் கேட்கச் சரியான கேள்வி வரும்.

பிறகு படம். தாங்கியில் வைத்து, ஒவ்வொரு காட்சியையும் பத்து நொடிக்குக் குறையாமல் அசைக்காமல் எடுக்கச் சொல்லுங்கள். ஏரியின் அகலக் காட்சி, மதகின் நடுத்தரக் காட்சி, ஷட்டரைச் சுழற்றும் கைகளின் நெருக்கக் காட்சி, அளவுகோலில் நீர்மட்டத்தைக் காட்டும் எண். புதியவர்கள் அகலக் காட்சியை எடுத்துக் குவித்துவிட்டு, நெருக்கக் காட்சிகளை மறந்துவிடுகிறார்கள். இரண்டு பேட்டித் துண்டுகளை ஒட்டுவதற்குப் படத்தொகுப்பாளருக்கு அந்தக் கைகளும் அந்த அளவுகோலும்தான் வேண்டும்.

இயல்பொலியைத் தனியாக ஒரு நிமிடம் பதிவு செய்யுங்கள். யாரும் பேசாமல், தண்ணீர் விழும் இரைச்சல் மட்டும். தொகுப்பு அந்த ஒலியோடு மூன்று நொடி தொடங்கினால் பார்ப்பவர் கரையில் நிற்பார். கேமரா ஓடும்போது செய்தியாளர் பக்கத்தில் நின்று தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தால் அந்த ஒலி போயிற்று. மிகச் சாதாரணமாக நடக்கும் தவறு இது.

மூன்றாவதாகப் பேட்டி. முதலில் பாதிக்கப்படுகிறவர், பிறகு அதிகாரி. கரையோரத்தில் இருப்பவர் சொன்னதை வைத்துத்தான் அதிகாரியிடம் கேள்வி கேட்க முடியும். வரிசையை மாற்றினால் அதிகாரி சொன்ன எண்களை மட்டும் எழுதிக்கொண்டு திரும்புவீர்கள். "எப்படி உணர்கிறீர்கள்" என்று யாரிடமும் கேட்காதீர்கள். "தண்ணீர் எத்தனை மணிக்கு வாசலுக்கு வந்தது? உங்களுக்கு யார் வந்து சொன்னார்கள்? எங்கே போகச் சொன்னார்கள்?" என்று கேளுங்கள். வயதில் மூத்தவரை அம்மா, ஐயா என்றே அழையுங்கள். கேமரா ஓடும்போது கைகளைப் பிசைந்துகொண்டு நிற்கும் ஒருவர், உட்கார்ந்து இரண்டு வார்த்தை பேசிய பிறகு தெளிவாகச் சொல்வார். பெயரையும் தலைப்பெழுத்தையும் அவரிடமே எழுதி வாங்குங்கள். திரையில் பெயர் தவறாக வந்தால் அந்த ஊருக்கு நீங்கள் மறுபடி போவது கடினம்.

கேமராவைப் பார்த்து நீங்கள் பேசும் பி.டு.சி. கடைசியில்தான். எல்லாவற்றையும் பார்த்துக் கேட்டு முடித்தபின் சொல்ல ஏதாவது இருக்கும். முதலில் எடுத்தால், பின்னால் தெரியவரும் தகவல் அதைப் பொய்யாக்கிவிடும்; இருட்டிய பிறகு மறுபடி எடுக்கவும் முடியாது.

6. எண்களைச் சரிபார்த்தல்

அதிகம் சறுக்கும் இடம் இதுதான் என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

நீர் வெளியேற்றம் வினாடிக்கு இத்தனை கன அடி என்ற கணக்கு. ஏரியில் இருக்கும் நீர் மில்லியன் கன அடி என்ற கணக்கு. அணைகளுக்கு டி.எம்.சி.; ஒரு டி.எம்.சி. என்றால் 100 கோடி கன அடி. "500 கன அடி தண்ணீர் திறக்கப்பட்டது" என்று சொல்லி "வினாடிக்கு" என்பதை விட்டுவிட்டால் அந்த வாக்கியத்துக்குப் பொருளே இல்லை. மாறாக, 500 என்ற எண்ணைக் கேட்டுப் பதறவும் கூடாது. வினாடிக்கு 500 கன அடி வீதம் ஒரு நாள் முழுக்க வெளியேறினால் 43.2 மில்லியன் கன அடி. ஏரியின் முழுக் கொள்ளளவில் நூற்றில் ஒரு பங்கைச் சற்றே தாண்டும். இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தவர் "ஊரே மூழ்கும் அபாயம்" என்று எழுத மாட்டார். அதே எண் பல ஆயிரமாக உயரும்போது உண்மையான எச்சரிக்கையோடு எழுதுவார்.

மழைக்கும் அளவு உண்டு. இந்திய வானிலை ஆய்வுத் துறையின் கணக்கில், 24 மணி நேரத்தில் 7 முதல் 11 செ.மீ. பெய்தால் கனமழை, 12 முதல் 20 செ.மீ. மிக கனமழை, 21 செ.மீ. அல்லது அதற்கு மேல் அதி கனமழை. நாள் கணக்கு காலை எட்டரை மணிக்கு முடியும். இது தெரியாமல் நள்ளிரவிலிருந்து கூட்டிச் சொல்லும் தவறு ஒவ்வொரு மழைக்காலத்திலும் நடக்கிறது. சிவப்பு எச்சரிக்கை என்பது நடவடிக்கை எடுங்கள் என்று நிர்வாகத்துக்கும் மக்களுக்கும் சொல்வது. மழை பெய்து முடிந்துவிட்டது என்று அதற்குப் பொருளில்லை.

வாட்ஸ்அப்பில் வரும் காணொளிகளைப் பொறுத்தவரை என் விதி ஒன்றுதான்: எடுத்தவரோடு பேசாமல் ஒளிபரப்பக் கூடாது. 2015 டிசம்பர் வெள்ளக் காட்சிகள் புதியவை போல மீண்டும் சுற்றுக்கு வரும். கடைப் பலகைகள், சுவரொட்டிகள், பேருந்தின் நிறம், பாலத்தின் கட்டுமானம் ஆகியவற்றைப் பாருங்கள். மெட்ரோ தூண் இருக்க வேண்டிய இடத்தில் இல்லையென்றால் காட்சி பழையது. அதற்குப் பிறகும் சந்தேகம் இருந்தால், அந்தத் தெருவில் உங்களுக்குத் தெரிந்த ஒருவரை வாசலுக்கு வந்து பார்க்கச் சொல்லுங்கள்.

பிரேக்கிங் போட டெஸ்க் அவசரப்படுத்தும். "ஒருவர் சொல்கிறார், இன்னும் உறுதியாகவில்லை" என்று தெளிவாக எழுத்தில் அனுப்புங்கள். தொலைபேசியில் சொன்னால், உறுதியாகவில்லை என்ற பாதி காற்றில் போய்விடும்.

7. எழுதுதல்

முதலில் காட்சிகளைப் பாருங்கள், பிறகு எழுதுங்கள். எழுதிவிட்டுக் காட்சி தேடினால், நீங்கள் எழுதிய வரிக்குப் படம் இருக்காது. படத்தொகுப்பாளர் அதே ஏரியை ஆறு முறை காட்டுவார்.

காதுக்கு எழுத வேண்டும் என்று எல்லோரும் சொல்வார்கள். எப்படி என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. புதியவர் எழுதுவது இப்படி இருக்கும்: "வடகிழக்குப் பருவமழை தீவிரமடைந்துள்ளதையடுத்து செம்பரம்பாக்கம் ஏரிக்கு நீர்வரத்து அதிகரித்துள்ள நிலையில் பாதுகாப்புக் கருதி உபரி நீர் திறக்கப்பட்டுள்ளதால் கரையோர மக்கள் பீதியடைந்துள்ளனர்." மூச்சு வாங்காமல் இதைப் படிக்க முடியாது, கேட்பவருக்கு எதுவும் தங்காது. யார் பீதியடைந்தார் என்பதற்கும் ஆதாரம் இல்லை.

இதையே இப்படி எழுதலாம்: "செம்பரம்பாக்கம் ஏரியில் காலை ஒன்பது மணிக்கு மதகு திறக்கப்பட்டது. வினாடிக்கு 500 கன அடி தண்ணீர் அடையாற்றில் போகிறது. குன்றத்தூர், திருநீர்மலை பகுதிகளில் ஆற்றில் இறங்க வேண்டாம் என்று ஆட்சியர் அறிவித்திருக்கிறார். தங்க வைக்க இந்தப் பள்ளிகள் தயாராக உள்ளன." நான்கு வாக்கியங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு காட்சி இருக்கிறது, நான்காவதில் பள்ளிகளின் பெயர்கள் வரும். கரையில் குடியிருப்பவர் தொலைக்காட்சியைப் போட்டதே அந்த நான்காவது வாக்கியத்துக்காகத்தான்.

"பெரும் பரபரப்பை ஏற்படுத்தியுள்ளது", "சோகத்தில் ஆழ்த்தியுள்ளது" போன்ற முடிப்புகளை அடியோடு விட்டுவிடுங்கள். தகவல் தீர்ந்த இடத்தில் அவை வந்து உட்கார்ந்துகொள்கின்றன.

படத்தில் தெரிவதைச் சொல்லிக்கொண்டிருக்காதீர்கள். தண்ணீர் பாய்வதைப் பார்ப்பவர் பார்க்கிறார். அது எங்கே போகிறது, எப்போது போய்ச் சேரும் என்பதுதான் அவருக்குத் தெரியாது.

8. குரல்

ல, ள, ழ மூன்றும் தனித்தனியாக ஒலிக்க வேண்டும். ர, ற வேறுபாடும் அப்படியே. செய்தித்தாளின் ஒரு பத்தியைத் தினமும் சத்தமாகப் படித்துக் கைப்பேசியில் பதிவு செய்து கேளுங்கள். வட்டாரச் சாயல் கொஞ்சம் இருந்தால் குற்றமில்லை, அது உங்கள் குரலுக்கு அடையாளம். வேறொரு செய்தி வாசிப்பாளரின் ஏற்ற இறக்கத்தை அப்படியே பிடித்துக்கொள்வதுதான் கெடுதல். ஒருமுறை ஒட்டிக்கொண்டால் விடுவிக்க ஆண்டுகள் ஆகும்.

9. நேரலை

ஸ்டுடியோவில் கேள்வி கேட்ட பிறகு அது உங்கள் காதுக்கு வந்து சேரச் சில நொடிகள் ஆகும். அந்த இடைவெளியில் முகம் வெறுமையாக இருக்கக் கூடாது. லென்ஸைப் பார்த்துக்கொண்டே கவனமாக நில்லுங்கள். உங்கள் குரலே காதில் திரும்பி ஒலித்தால் உடனே பிசிஆரிடம் சொல்லி நிறுத்தச் சொல்லுங்கள். அதைக் கேட்டுக்கொண்டு யாராலும் கோவையாகப் பேச முடியாது.

மனப்பாடம் செய்யாதீர்கள். மூன்று தகவல்களை மட்டும் வரிசையாக மனத்தில் வையுங்கள்: இப்போது நடப்பது, யாரைப் பாதிக்கும், அடுத்து எத்தனை மணிக்கு என்ன அறிவிப்பு வரப்போகிறது. மனப்பாடம் செய்தவருக்கு ஒரு சொல் மறந்தால் முழுப் பத்தியும் போய்விடும். தெரியாத கேள்வி வந்தால், "அதை அதிகாரிகளிடம் கேட்டிருக்கிறோம், பதில் கிடைத்ததும் சொல்கிறேன்" என்று முடியுங்கள். ஊகித்துச் சொன்ன ஒரு வரி, திரையின் அடியில் ஓடும் டிக்கரில் ஏறி, அரை மணி நேரத்தில் மற்ற அலைவரிசைகளுக்கும் போய்விடும்.

வெள்ளத்தில் இறங்கி நின்று பேசுவதை நான் கடுமையாக எதிர்க்கிறேன். சாலைக்கு அடியில் திறந்த பாதாளச் சாக்கடை இருக்கலாம், மின்கம்பி அறுந்து கிடக்கலாம். இடுப்பளவு நீரில் நிற்பதால் தகவல் எதுவும் கூடுவதில்லை. மேட்டில் நின்று கேமராவை வெள்ளத்துக்குத் திருப்பினால் போதும். ஒளிப்பதிவாளர் கண்ணைக் காட்சிச் சட்டத்தில் வைத்திருப்பார். அவருக்குப் பின்னால் என்ன வருகிறது என்று பார்ப்பது உங்கள் கடமை.

10. காட்டக் கூடாதவை

இதைக் களத்துக்குப் போகும் முதல் நாளே தெரிந்துகொண்டு போக வேண்டும்.

பாலியல் வன்கொடுமையால் பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிடுவது பாரதிய நியாய சன்ஹிதா என்ற குற்றவியல் சட்டத்தின் 72-ஆவது பிரிவின்படி குற்றம். பாதிக்கப்பட்டவர் குழந்தை என்றால் போக்சோ சட்டத்தின் 23-ஆவது பிரிவு இன்னும் கடுமையானது: பெயர், முகவரி, படம், குடும்ப விவரம், பள்ளி, அக்கம்பக்கம் எதுவும் கூடாது. வழக்கில் சிக்கிய சிறுவர்களுக்கும் இளைஞர் நீதிச் சட்டத்தின் 74-ஆவது பிரிவு அதே பாதுகாப்பைத் தருகிறது.

முகத்தை மங்கலாக்கிவிட்டு, தெருவின் பெயர்ப் பலகையையும் தாயின் முகத்தையும் காட்டிவிடுவது பலரும் செய்யும் பிழை. ஊரில் இருப்பவர்களுக்கு அதுவே போதும். மங்கலாக்குவதை டெஸ்க் பார்த்துக்கொள்ளும் என்று விடாமல், எடுக்கும்போதே அடையாளம் தெரியாதபடி எடுங்கள்.

கைதானவர் குற்றம் சாட்டப்பட்டவர்தான். தீர்ப்பு வரும்வரை குற்றவாளி அல்ல. தற்கொலைச் செய்தியில் செய்த முறையை விவரிக்காதீர்கள். 104, 14416 ஆகிய உதவி எண்களைத் திரையில் போடச் சொல்லுங்கள். தேர்தல் காலத்தில் வாக்குப்பதிவு முடிவதற்கு முந்தைய 48 மணி நேரத்துக்கு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 126-ஆவது பிரிவு என்ன சொல்கிறது என்பதை ஒருமுறை முழுதாகப் படித்துவிடுங்கள்.

11. ஆண்டின் பிற்பாதி: உங்கள் சொந்தச் செய்தி

அதுவரை வேலை உங்களைத் தேடி வந்தது. இனி நீங்கள் தேட வேண்டும். அதற்கு எளிய வழி தகவல் உரிமைச் சட்டம். பத்து ரூபாய்க் கட்டணத்தில் மனு. பதிலுக்கு முப்பது நாள் கெடு. மழை ஓய்ந்த ஜனவரியில், கரையோர ஊராட்சிகளுக்கு எச்சரிக்கை எத்தனை மணிக்கு அனுப்பப்பட்டது, கரையைப் பலப்படுத்த ஒதுக்கிய தொகையில் எவ்வளவு செலவானது என்று கேளுங்கள். கருத்தைக் கேட்டால் பதில் வராது, ஆவணத்தைக் கேளுங்கள். பதில் மறுக்கப்பட்டால் மேல்முறையீட்டுக்கும் முப்பது நாள்தான், தேதியைக் குறித்து வையுங்கள்.

12. உங்களுக்கான காகிதங்கள்

மாவட்டங்களில் பலர் பகுதிநேரச் செய்தியாளர்களாக, ஒளிபரப்பான செய்திக்கு இவ்வளவு என்ற கணக்கில் வேலை செய்கிறார்கள். சேரும்போதே எழுத்துப்பூர்வமான கடிதம் கேளுங்கள். சம்பளமா, தொழில்முறைக் கட்டணமா என்று அதில் இருக்கட்டும். வருங்கால வைப்பு நிதி பிடிக்கப்படுமா, பயணச் செலவு யாருடையது, களத்தில் விபத்து நேர்ந்தால் மருத்துவச் செலவை யார் ஏற்பது என்பவற்றைக் கேட்கத் தயங்க வேண்டாம். விளம்பரம் பிடித்துத் தர வேண்டும் என்று நிபந்தனை இருந்தால், அந்த வேலையை ஒப்புக்கொள்ளும் முன் நன்றாக யோசியுங்கள். விளம்பரம் தந்தவரிடம் மறுநாள் கடினமான கேள்வி கேட்க முடியாது.

அரசின் அங்கீகார அட்டைக்கான விதிகளை மாவட்டச் செய்தி மக்கள் தொடர்பு அலுவலகத்தில் கேட்டு வாங்கி வையுங்கள். விண்ணப்பிக்கும்போது பணி அனுபவத்துக்கான சான்று தேவைப்படும். அதனால் ஒளிபரப்பான ஒவ்வொரு தொகுப்பையும் தேதி, இடம், தலைப்போடு உங்கள் சொந்தச் சேமிப்பில் வைத்திருங்கள். நிறுவனத்தின் சேமிப்பகத்தில் பழைய காட்சிகள் அழிக்கப்படும், வேலை மாறினால் உள்ளே போகவும் முடியாது. குறிப்பேடுகளையும் தூக்கிப் போடாதீர்கள். ஒளிபரப்பான செய்தி குறித்துப் புகாரோ வக்கீல் நோட்டீஸோ பல மாதம் கழித்து வரும்போது, அன்று யார் எத்தனை மணிக்கு என்ன சொன்னார் என்று உங்கள் கையெழுத்தில் இருக்கும் பக்கத்தைத்தான் நிறுவனத்தின் வழக்கறிஞர் முதலில் கேட்பார்.